நூற்றி மூன்றுக்கு எத்தனை பூஜ்யம்?

என் அண்ணன் மகள் மூன்றாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அன்று மாலை கூடத்துத் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எண்களை எழுதிக்கொண்டிருந்தாள். அண்ணி அடுப்படியிலிருந்தே ஒவ்வொன்றாகச் சொல்ல, இவள் நோட்டில் எழுத வேண்டும். எழுபத்தி நாலு, தொண்ணூத்தி ஆறு, நூறு எல்லாம் சரியாக விழுந்தன. ‘நூத்தி மூணு’ என்றதும் துளியும் தயங்காமல் 1003 என்று எழுதினாள். அடுத்து ‘நூத்தி இருபத்தஞ்சு’. 10025.

கரண்டியோடு வந்து எட்டிப் பார்த்த அண்ணிக்குக் கோபம் வந்துவிட்டது. “நூத்தி மூணுக்கும் ஆயிரத்து மூணுக்கும் வித்தியாசம் தெரியலையா? பத்து தடவ எழுதுடி.” எழுதினாள். மறுநாள் நூற்றி ஏழைக் கேட்டபோது 1007 வந்தது.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, “இத எப்படிம்மா எழுதுன?” என்று மட்டும் கேட்டேன்.

“மொதல்ல நூறு எழுதணும் அத்தை. அப்புறம் மூணு எழுதணும். நூத்தி... மூணு.” சொல்லிக்கொண்டே விரலால் 100ஐத் தொட்டாள், பிறகு 3ஐத் தொட்டாள்.

காதில் விழுந்தது அப்படியே தாளில் இருந்தது. இதில் கவனக்குறைவு ஏதுமில்லை. ஒரு விதி இருக்கிறது, அதை அவள் எல்லா எண்ணுக்கும் நேர்மையாகப் பொருத்தியிருக்கிறாள். அந்த விதியை அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை என்பதுதான் வேடிக்கை. உலகத்தில் பல மொழிக் குழந்தைகளும் இந்த வயதில் இதே தவறைச் செய்கிறார்கள் என்பது கணிதக் கல்வி ஆராய்ச்சியில் நன்கு தெரிந்த செய்தி.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. நம் பழைய தமிழ் எண் குறிகளில் ஒன்று முதல் ஒன்பதுவரை தனித்தனிக் குறிகள் இருப்பதுபோலவே பத்துக்கு ௰, நூற்றுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. பூஜ்யம் கிடையாது. இருபத்து மூன்று என்றால் ௨௰௩: இரண்டு, பத்து, மூன்று. வாய் சொல்வதையே கை எழுதும். (பிற்காலத்தில் பூஜ்யத்தையும் சேர்த்துக்கொண்டு அச்சிட்டவர்கள் உண்டு. நான் சொல்வது அதற்கு முந்தைய முறை.) அந்த முறையில் நூற்றி மூன்றை எப்படி எழுதுவார்கள்? நூற்றுக்கு ஒரு குறி, பக்கத்தில் மூன்று: ௱௩. அண்ணன் மகள் எழுதியதும் அதுவேதான். நூற்றின் குறி 100 என்று அவள் நினைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

ஓர் எண்ணின் மதிப்பை அது நிற்கும் இடத்தை வைத்துச் சொல்வது, யாரும் நிற்காத இடத்தில் ஒரு வட்டத்தை நிறுத்துவது ஆகிய இரண்டும் எளிதான சங்கதிகள் அல்ல. பிரம்மகுப்தர் பூஜ்யத்தோடு கூட்டவும் கழிக்கவும் விதிகள் எழுதியது கி.பி. 628இல். குவாலியர் கோயில் ஒன்றில் 876ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது. நந்தவனத்துக்கு 270 முழம் நிலம், நாளொன்றுக்கு 50 மாலை என்று அதில் வரும் இரண்டு எண்களிலும் இன்று நாம் எழுதுவது போன்ற வட்டப் பூஜ்யத்தைக் காணலாம். இத்தாலியில் ஃபிபொனாச்சி இந்த முறையைப் புத்தகம் போட்டு விளக்கியது 1202இல். அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1299இலும்கூட, ஃப்ளாரன்ஸ் நகரத்து நாணய மாற்றுக்காரர்களின் சங்கம் கணக்குப் பேரேட்டில் இந்தப் புது எண்களை எழுதக் கூடாதென்று தடை போட்டது. பணத்திலேயே புழங்கிய மனிதர்களுக்கே பிடிபட நூற்றாண்டுகள் ஆன ஒரு விஷயத்தை, ஏழு வயதுக் குழந்தை ஒரு பருவத்துக்குள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். பெரும்பாலான குழந்தைகள் பிடித்தும்விடுகிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு ஆச்சரியம்.

குழந்தைக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிற யாருக்கும் என்னிடம் உள்ள ஒரே யோசனை இதுதான்: விடை தப்பென்று தெரிந்ததும் திருத்தாதீர்கள், எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். தப்பான வழியில் சரியான விடைக்கு வந்து சேரும் குழந்தைகள் உண்டு.

தமிழில் எண்களைச் சொல்லும் விதத்தில் ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. பதினாறு என்ற சொல்லிலேயே பத்தும் ஆறும் கேட்கின்றன, அதுவும் எழுதும் வரிசையிலேயே. இருபத்தாறு என்றால் இரு பத்து, ஆறு. ஆங்கிலத்தில் ‘சிக்ஸ்டீன்’ என்றால் ஆறு முன்னால் வந்து நிற்கும். அதைக் கேட்ட குழந்தை 6ஐ முதலில் எழுதிவிட்டுப் பக்கத்தில் 1ஐப் போட்டு 61 ஆக்குவதை எந்த யூகேஜி ஆசிரியையும் பார்த்திருப்பார். இந்தியில் நூறுவரை ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணின் பெயரையும் தனித்தனியே மனப்பாடம் செய்ய வேண்டும். சீன மொழியில் பதினொன்றை ‘பத்து ஒன்று’ என்றே சொல்வார்கள். கெவின் மில்லரும் அவருடைய கூட்டாளிகளும் 1995இல் அமெரிக்க, சீனக் குழந்தைகளை எண்ணச் சொல்லிப் பார்த்தபோது, பத்துவரை இரு சாராரும் ஒன்றுபோலவே எண்ணினார்கள். பத்தைத் தாண்டியதும் சீனக் குழந்தைகள் முன்னால் போய்விட்டார்கள். தமிழின் அமைப்பும் பெரும்பாலும் அந்த ரகம்தான். கையில் இப்படி ஒரு கருவி இருக்க, ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறாள் என்பதற்காக வீட்டிலும் ‘சிக்ஸ்டீன்’, ‘செவன்டீன்’ என்றே பேசிப் பழக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பள்ளியில் எப்படியும் சொல்லப்போகிறாள். வீட்டில் பதினாறு என்று சொல்லிவிட்டுப் போகட்டுமே.

ஒன்பதில் மட்டும் தமிழ் நம்மைக் கவிழ்த்துவிடும். எட்டு, எண்பது, எண்ணூறு என்று ஒழுங்காக வருகிற குடும்பம், ஒன்பதுக்கு வந்ததும் தடம் மாறுகிறது. ‘ஒன்பது’ என்ற சொல்லின் வால் இருபது, முப்பதின் வால். ‘தொண்ணூறு’ நூற்றைப் போல் முடிகிறது, ‘தொள்ளாயிரம்’ ஆயிரத்தைப் போல். ஒன்பதுக்குத் ‘தொண்டு’ என்ற பழஞ்சொல் ஒன்று இருந்தது. சங்க இலக்கியத்தில் பரிபாடலில் அதைக் காணலாம். அது வழக்கொழிந்துபோய், ஒவ்வொரு ஒன்பதும் தனக்கு மேல்படியில் இருப்பவரின் பெயரைப் போட்டுக்கொண்டு திரிகிறது. “தொண்ணூறுல நூறு இருக்கே அத்தை, அப்ப அது நூத்த விடப் பெருசா?” என்று ஒருநாள் கேட்டாள். சிரிக்க வேண்டிய கேள்வி அல்ல இது. எண்பத்தொன்பதுக்கு அடுத்து என்ன என்று கேட்டால் சில குழந்தைகள் திகைப்பதற்கும் இங்கே பாதி விடை இருக்கிறது. இந்த ஓரிடத்தில் மட்டும் ‘ஒன்பது பத்து, அதத்தான் தொண்ணூறுன்னு சொல்றோம்’ என்று நாலு தடவை சொல்லிவிட்டால் போதும்.

சொல் சௌகரியமாக இருப்பதால் குழந்தைக்குப் பத்து புரிந்துவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. இதைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. குழந்தை உளவியலாளர் பியாஜேயிடம் படித்த கான்ஸ்டன்ஸ் காமி என்ற கல்வியாளர் 1980களில் இதைப் பிரபலமாக்கினார். எதிர்வீட்டுப் பையனிடம் நானும் செய்துபார்த்தேன், காமி வில்லைகளை வைத்துச் செய்ததைப் புளியங்கொட்டையை வைத்து. பதினாறு கொட்டைகளை எண்ணித் தரையில் வைக்கச் சொன்னேன். வைத்தான். ஒரு சீட்டில் 16 என்று எழுதச் சொன்னேன். எழுதினான். சீட்டிலுள்ள 6ஐக் காட்டி, “இதுக்கு எத்தனை கொட்டைன்னு எடுத்துக் காட்டு” என்றேன். ஆறு கொட்டைகளை ஒதுக்கினான். பிறகு 1ஐக் காட்டினேன். யோசிக்கவே இல்லை. ஒரே ஒரு கொட்டையை எடுத்து முன்னால் வைத்தான். தரையில் ஒன்பது கொட்டைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் கிடந்தன. “அதெல்லாம்?” என்றேன். “அது சும்மா” என்றான்.

நம்மூர்ப் பையன் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். காமி கண்டதும் இதையேதான். கூட்டல் கணக்கில் ‘ஒண்ணு மேல போடு’ என்று பக்கம் பக்கமாகச் செய்துவிட்டு வரும் குழந்தைகளிலேயே பலர், அந்த ஒன்றைக் காட்டச் சொன்னால் ஒரே ஒரு பொருளைத்தான் காட்டுகிறார்கள். மேலே போன ஒன்று உண்மையில் ஒரு கட்டு, அதற்குள் பத்து இருக்கிறது என்பது கைக்குத் தெரியாமல் வாய்க்கு மட்டும் தெரிந்திருக்கிறது.

கைக்குத் தெரியவைக்க விளக்குமாறு போதும். ஈர்க்குச்சிகளை ஒரே அளவாக உடைத்து, பத்துப் பத்தாக ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டச் சொல்ல வேண்டும். கட்டுவது குழந்தையாக இருக்க வேண்டும், நாம் கட்டிக் கொடுத்தால் பாதிப் பாடம் போய்விடும். முப்பத்து நான்கு என்றால் மூன்று கட்டு, நான்கு உதிரி. கட்டை அவிழ்த்தால் பத்தும் உள்ளே இருக்கிறது, மறுபடி கட்டலாம். பள்ளியில் இருக்கும் ஆணிமணிச் சட்டத்துக்கும் பத்து ரூபாய்த் தாளுக்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. பத்துகள் கம்பியில் கிடக்கும் ஒரு மணி, ஒன்றுகள் கம்பியில் கிடக்கும் மணியைவிடப் பத்து மடங்கு என்பதற்குக் கண்ணுக்குத் தெரியும் சாட்சி கிடையாது. நம்பித்தான் ஆக வேண்டும். ரூபாய்த் தாளும் அப்படியே. ஆகவே முதலில் கட்டு, அது அலுத்த பிறகு பணம், அதற்குப் பின்னால்தான் மணிச்சட்டம் என்று போவது எனக்கு நியாயமாகத் தோன்றுகிறது.

இன்னும் கொஞ்சம் பின்னால் போனால், பத்துக்கு முன்பே, மூன்று என்ற எண்ணிலேயே ஒரு மலை இருக்கிறது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று முதல் பத்துவரை கடகடவென்று ஒப்பிக்கும். வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் ஒப்பிக்கச் சொல்லிப் பெருமைப்படுவோம். அதே குழந்தையிடம், “இந்தத் தட்டுலேருந்து மூணு திராட்சை குடு” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு கை நிறைய அள்ளிக் கொடுக்கும். கேரன் வின் 1990இல் இந்தச் சோதனையை முறையாகச் செய்து காட்டினார். குழந்தைக்கு முதலில் ‘ஒன்று’ மட்டுமே அர்த்தமாகிறது. சில மாதங்கள் கழித்து ‘இரண்டு’. இன்னும் சில மாதங்கள் கழித்து ‘மூன்று’. அதற்குப் பிறகுதான், எண்ணி முடிக்கும்போது கடைசியில் வருகிற சொல் மொத்தக் கூட்டத்தின் அளவைச் சொல்கிறது என்ற சூட்சுமம் பிடிபடுகிறது. ஒப்பிப்பதற்கும் எண்ணுவதற்கும் இடையே ஓராண்டுக்கு மேலேயே ஓடிவிடுகிறது.

இந்த இடைவெளியைக் குறைப்பதில் வீட்டுப் பேச்சுக்குப் பங்கு உண்டு. சிகாகோவில் சூசன் லெவீன் குழுவினர் 44 குழந்தைகளின் வீடுகளில் அன்றாடப் பேச்சைப் பதிவு செய்தார்கள், குழந்தைக்கு 14 மாதமானதிலிருந்து 30 மாதம்வரை, ஐந்து தடவை, ஒவ்வொரு தடவையும் ஒன்றரை மணி நேரம். அந்த ஏழரை மணி நேரத்தில் ஒரு வீட்டில் பெற்றோர் சொன்ன எண் சொற்கள் மொத்தம் நான்கு. இன்னொரு வீட்டில் 257. எண்களை அதிகம் கேட்ட குழந்தைகளே, ஏறக்குறைய நான்கு வயதில் எண் சொல்லின் அர்த்தத்தை நன்றாகப் புரிந்துவைத்திருந்தார்கள். 2010இல் வந்த ஆய்வு இது. அடுத்த ஆண்டு அதே பதிவுகளை இன்னும் நுணுகிப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. வெறுமனே ஒன்று, இரண்டு என்று ஒப்பிப்பதைவிட, கண்ணெதிரே இருக்கும் பொருள்களை, அதுவும் நான்கு முதல் பத்துவரையான கூட்டங்களை எண்ணிப் பேசுவதுதான் கூடுதலாகப் பலன் தருகிறது. தட்டில் இட்லி வைக்கும்போது ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்பதோடு நிறுத்தாமல், ‘நாலு இட்லி’ என்று முடிப்பது இந்த வகைப் பேச்சு. அந்த முடிப்பில்தான் விஷயம் இருக்கிறது.

நான்குவரை எண்ண வேண்டிய அவசியமே இல்லை, கண்ணே சொல்லிவிடும். ஸ்டேன்லி ஜெவன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் ஒரு பெட்டிக்குள் கைப்பிடி விதைகளைத் தூவி, ஒரே பார்வையில் எத்தனை என்று ஊகித்து, பிறகு எண்ணிச் சரிபார்த்தார். ஒரு தடவை இரண்டு தடவை அல்ல, 1,027 தடவை! மூன்றோ நான்கோ விழுந்தபோது ஒருமுறைகூடத் தப்பவில்லை. ஐந்திலிருந்து தப்பு தொடங்கியது. 1871இல் ‘நேச்சர்’ இதழில் இதை எழுதினார். பல்லாங்குழி ஆடும் கிழவிகளைக் கேட்டிருந்தால் அவருக்கு இவ்வளவு சிரமம் இருந்திருக்காது. குழியில் நான்கு முத்து சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்வார்கள், எண்ணிப் பார்த்து எடுப்பவரை நான் கண்டதில்லை. எண்ணாமலே நான்கைக் காணும் கண் வாய்த்த குழந்தைக்கு ஏழை நான்கும் மூன்றுமாகப் பார்ப்பது சுலபம். கூட்டல் அங்கேதான் தொடங்குகிறது.

ஆட்டம் என்றதும் பரமபதம் ஞாபகம் வருகிறது. ராபர்ட் சீக்லரும் கீதா ரமணியும் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தமானது. வசதியற்ற வீடுகளிலிருந்து வரும் நான்கைந்து வயதுக் குழந்தைகளோடு ஓர் எளிய கட்ட ஆட்டம் ஆடினார்கள். ஒரே வரிசையில் 1 முதல் 10 வரை கட்டங்கள். சுழல்முள் 1 அல்லது 2 காட்டும், காயை நகர்த்த வேண்டும். இரண்டு வாரத்தில் நாலு தடவை, ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம், ஆக மொத்தம் ஒரு மணி நேரம். எது பெரிய எண் என்று சொல்வது, எண் கோட்டில் எங்கே வரும் என்று காட்டுவது ஆகியவற்றில் அந்தக் குழந்தைகள் தெளிவாக முன்னேறினார்கள், ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்ணுக்குப் பதில் வண்ணங்கள் போட்ட அதே பலகையில் ஆடியவர்களுக்கு இது வாய்க்கவில்லை.

சீக்லரும் எலிடா லாஸ்கியும் பின்னர் நூறு கட்டப் பலகையில் செய்த சோதனையில்தான் நமக்கான நுணுக்கம் இருக்கிறது. காய் 37இல் நிற்கிறது, நான்கு விழுகிறது. நாம் எல்லோரும் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு’ என்றே நகர்த்துவோம். அப்படி நகர்த்திய குழந்தைகளுக்கு ஆட்டத்தால் பெரிய பயன் இல்லை. ‘முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாப்பது, நாப்பத்தொண்ணு’ என்று கட்டத்திலுள்ள எண்ணைச் சொல்லி நகர்த்தியவர்களே கற்றுக்கொண்டார்கள். பலகை ஒன்று, காய் ஒன்று, சொல்கிற சொல் மட்டும் வேறு. எங்கள் வீட்டில் இந்த விதியைக் கொண்டுவந்தபோது முதலில் கலகம் வந்தது. பாம்பு கடித்து இறங்கும்போது எந்தக் கட்டத்திலிருந்து எந்தக் கட்டத்துக்கு வந்தோம் என்றும் சொல்ல வேண்டும் என்று நானே சேர்த்துக்கொண்ட உபவிதியை மட்டும் இன்றுவரை யாரும் மதிப்பதில்லை.

கழித்தலுக்கு வருவோம். நம் நாட்டில் அடி பலமாக விழுகிற இடம் இது. ஏசர் என்ற கல்விநிலைக் கணக்கெடுப்பின்படி 2024இல் கிராமப்புற மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் கடன் வாங்கிக் கழிக்கிற ஈரிலக்கக் கணக்கைப் போட முடிந்தவர்கள் 33.7 சதவீதம். 2022இல் இது 25.9ஆக இருந்தது, அந்த வகையில் முன்னேற்றம்தான்.

அண்ணன் மகள் 52இலிருந்து 38ஐக் கழித்து 26 என்று எழுதினாள். “எட்டுல ரெண்டு போனா ஆறு, அஞ்சுல மூணு போனா ரெண்டு” என்றாள். இங்கேயும் ஒரு விதி: எங்கே பெரியது இருக்கிறதோ, அதிலிருந்து சின்னதைக் கழி. ஜான் சீலி பிரவுனும் ரிச்சர்ட் பர்ட்டனும் 1978இல் பள்ளிக் குழந்தைகளின் கழித்தல் தவறுகளைக் கணினியில் போட்டு ஆராய்ந்தபோது, பல தவறுகள் கன்னாபின்னாவென்று வரவில்லை, ஒவ்வொரு குழந்தையும் தன் பிசகான விதியை விடாமல் பின்பற்றுகிறது என்று கண்டார்கள். அவற்றில் மிகப் பிரபலமானது இவள் கைக்கொண்ட இதே விதி. இது எங்கிருந்து வந்தது? ‘சின்னதுலேருந்து பெருசு போகாது’ என்று ஒன்றாம் வகுப்பில் நாம்தான் சொல்லி வைத்தோம். ரெண்டிலிருந்து எட்டு போகாது, ஆகவே எட்டிலிருந்து ரெண்டு. நம் பேச்சைக் கேட்ட குழந்தைக்குத்தான் இந்தத் தண்டனை.

‘பக்கத்து வீட்டுல கடன் வாங்கு’ என்ற பழைய மந்திரத்தையும் சொல்லிப் பார்த்தேன். “வாங்குன கடன எப்ப அத்தை திருப்பிக் குடுப்போம்?” என்றாள். விடை இல்லை. கடன் என்ற சொல்லே இங்கே பொருந்தவில்லை. வாங்குவது யாரிடமும் அல்ல, நம் பணத்தையே சில்லறை மாற்றுகிறோம். ஆகவே ஐந்து பத்து ரூபாய்த் தாள்களையும் இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களையும் அவள் கையில் கொடுத்து, நான் கடைக்காரியானேன். முப்பத்தெட்டு ரூபாய் கொடு என்றேன். ஒரு தாளைச் சில்லறை மாற்றி, நாலு தாள், பன்னிரண்டு நாணயம் ஆக்கிக்கொள்வாள் என்பது என் திட்டம். அவளோ நாலு தாள்களை நீட்டினாள். “மிச்சம் ரெண்டு ரூபா குடு.” கொடுத்தேன். கையிலிருந்த ஒரு தாளையும் நாலு நாணயங்களையும் பார்த்து, “பதினாலு” என்றாள். தாளில் இருபத்தாறு எழுதிய அதே குழந்தை.

இந்தப் பிளவு புதிதல்ல. பிரேசிலின் ரெசிஃபே நகரத் தெருக்களில் இளநீரும் பழமும் விற்ற ஐந்து சிறுவர் சிறுமியரைப் பற்றி 1985இல் ஒரு புகழ்பெற்ற ஆய்வு வந்தது. வாடிக்கையாளர்போல் போய்க் கேட்டபோது அவர்கள் சொன்ன விடைகளில் 98 சதவீதம் சரி. அதே எண்களை வெறும் கணக்காகத் தாளில் கொடுத்தபோது சரியானவை 37 சதவீதம். ஒரு தேங்காய் 35 குருசேரோ, பத்து தேங்காய் எவ்வளவு என்று கேட்டதற்குப் பன்னிரண்டு வயதுப் பையன், பத்தால் பெருக்கிப் பூஜ்யம் போடவில்லை. மூன்றின் விலை 105 என்பது அவனுக்கு வியாபாரத்தில் பழகிய எண். அதை மும்முறை சேர்த்து 315, இன்னொன்றையும் சேர்த்து 350 என்றான். 2025இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலானோர் கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் 1,400க்கும் மேற்பட்ட குழந்தைகளிடம் பார்த்ததும் இதே கதை. கூடவே அதன் மறுபக்கத்தையும் காட்டினார்கள்: பள்ளிக் கணக்கில் தேறிய குழந்தைகள் சந்தைக் கணக்கில் திணறினார்கள். ஆக, தெருவில் கற்றது தானாகப் பள்ளிக்குள் வராது, பள்ளியில் கற்றது தானாகத் தெருவுக்குப் போகாது. நடுவில் யாராவது உட்கார்ந்து, ‘நீ இப்ப கடையில செஞ்சத இந்தத் தாள்ல எழுதுவோமா’ என்று கேட்க வேண்டியிருக்கிறது. 52 − 40 = 12, 12 + 2 = 14 என்று எழுதிக் காட்டினேன். ஆசிரியை இதை ஏற்பாரா என்பது வேறு விஷயம். ஏற்றார், நல்லவேளை.

விரல் விட்டு எண்ணுவதைத் தடுக்கும் வழக்கம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. விட்டுவிடுங்கள். ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த காத்தரீன் தெவனோ குழுவினர், விரல் விடாத ஐந்தாறு வயதுக் குழந்தைகளுக்கு விரல் விட்டுக் கூட்டக் கற்றுக்கொடுத்தபோது சரியான விடைகள் 37 சதவீதத்திலிருந்து 77 சதவீதத்துக்கு ஏறின. காலம் வரும்போது விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும். வாய்ப்பாடு மனப்பாடமும் வேண்டியதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. நாலு ஆறு இருபத்து நாலு என்பதை இட்லித் தட்டிலோ முட்டை அட்டையிலோ ஒருமுறை பார்த்துவிட்டு மனப்பாடம் செய்தால் மறந்தாலும் திரும்பப் பிடிக்கலாம்.

அண்ணியிடம் சொல்லத் தயங்கிய ஆய்வு ஒன்று உண்டு. கணக்கென்றால் பதறும் பெற்றோர் வீட்டுப்பாடத்தில் அடிக்கடி உதவினால், அந்தக் குழந்தைகள் ஆண்டு முடிவில் குறைவாகக் கற்றிருக்கிறார்கள், கணக்கின் மேல் பயமும் கூடியிருக்கிறது. அமெரிக்காவில் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளை வைத்து 2015இல் எரின் மலோனி குழு கண்டது இது. உதவாமலே இருந்த பதற்றக்காரர்களின் குழந்தைகளுக்கு இந்தச் சேதம் இல்லை. கரண்டியைப் பார்த்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

1003க்கு என்ன செய்தோம் என்று சொல்லவில்லையே. கல்யாணப் பத்திரிகைகளின் வெற்றுப் பக்கத்தை வெட்டி அட்டைகள் செய்தோம். 1 முதல் 9 வரை ஒரு விரற்கடை அகலம். 10, 20 என்று 90 வரை அதைப்போல் இரு மடங்கு அகலம். 100, 200 வகையறா மூன்று மடங்கு. 1000 நாலு மடங்கு. மாண்டிசோரி வகுப்புகளில் இதை முறையாகச் செய்வார்கள். “நூத்தி மூணு” என்றேன். 100 அட்டையை எடுத்தாள், 3 அட்டையை எடுத்தாள், வழக்கம்போலப் பக்கத்தில் வைக்கப் போனாள். “பக்கத்துல இல்ல, மேல. வலது ஓரம் சரியா இருக்கற மாதிரி” என்றேன். வைத்ததும் 103 ஆனது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு 3 அட்டையின் ஓரத்தை நகத்தால் நெம்பி உள்ளே எட்டிப் பார்த்தாள்.

“அடியில முட்டை இருக்கு.”

“இருக்கும்.”

அதற்குப் பிறகு நான் ஒன்றும் சொல்லவில்லை. நூற்றி இருபத்தைந்துக்கு மூன்று அட்டைகளை அடுக்கினாள், ஒவ்வொன்றையும் தூக்கி அடியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டாள். ஒருவாரம் இது விளையாட்டாக நடந்தது. நோட்டில் 10025 வருவது நின்றது. நடுவில் ஒருநாள் மட்டும் நூற்றி இருபது 1020 ஆகி, அவளாகவே அடித்துத் திருத்தினாள்.

போன ஞாயிற்றுக்கிழமை “ஆயிரத்து மூணு” என்று கேட்டேன். 1000 அட்டையைத் தேடி எடுத்து, மேலே 3ஐ வைத்தாள். வைத்ததைப் பார்த்துவிட்டு எழுந்து போய்ப் பழைய நோட்டைக் கொண்டுவந்தாள். அண்ணி சிவப்பு மையால் அடித்திருந்த பக்கத்தைப் புரட்டி அட்டைக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டாள்.

“அத்தை, அன்னிக்கு நான் எழுதுனது இதத்தானா?”